கூபர் பெடி: பார்க்க வேண்டிய இடங்கள்

கூபர் பெடி தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் உள்ள ஓப்பல் சுரங்க ஊர். அடிலெய்டிலிருந்து வடக்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சுமார் 850 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. சுற்றியுள்ள நிலம் அன்டகிரின்ஜா மட்டு-யங்குனிட்ஜட்ஜாரா பழங்குடியினரின் பூர்வீக மண். 1915 பிப்ரவரியில், தங்கம் தேடி வந்த குழுவோடு இருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவன் இங்கே ஓப்பல் கண்டெடுத்தான். ஊர் அதன்பிறகு உருவானது.

இந்த ஊரைத் தெருவில் நடந்து பார்த்துவிட முடியாது. அதன் சிறப்புகளில் பெரும்பாலானவை தரைக்கு அடியில் இருக்கின்றன. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மரமோ நிழலோ இல்லை. அதனால் மக்கள் மணற்கல் குன்றுகளைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டார்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய வீரர்களே இதைத் தொடங்கினார்கள் என்பர். முட்டுக்கால் தேவைப்படாத அளவு உறுதியும், எளிதில் குடையக்கூடிய மென்மையும் இந்தப் பாறைக்கு உண்டு. ஆண்டு முழுவதும் உள்ளே வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் குன்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய்கள் மட்டுமே தெரியும். உள்ளே போனால் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த சுவர்களில் குடையும் இயந்திரம் விட்டுச்சென்ற வட்டவட்டமான தடங்கள். அவற்றைப் பூசி மறைக்காமல் விட்டிருப்பதே அந்த வீடுகளின் அழகு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து சுரங்க வேலைக்கு ஆட்கள் வந்தனர். தங்கள் வழிபாட்டிடங்களையும் பாறைக்குள்ளேயே அமைத்தனர். செர்பிய மரபுவழித் திருச்சபையின் நிலத்தடிக் கோயில் இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது. சுவரிலேயே செதுக்கிய புனிதர் உருவங்களும் உயர்ந்த கூரையும் கொண்ட இது, வேலை முடிந்து வந்த தொழிலாளிகளின் பக்திக்குச் சான்று.

சுரங்கத்தை அறிய 'ஓல்ட் டைமர்ஸ் மைன்' அருங்காட்சியகமே நல்ல தொடக்கம். 1916-இல் கையால் வெட்டி, பின்னர் மண்ணிட்டு மூடப்பட்ட சுரங்கம் அது. 1968-இல் பக்கத்து நிலத்தடி வீட்டை விரிவாக்கியபோது தற்செயலாக வெளிப்பட்டது. உமூனா அருங்காட்சியகம் நிலவியலை விளக்குகிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலின் சிப்பிகளும் ஊர்வனவும் சில இடங்களில் ஓப்பலாகவே மாறிக் கிடைக்கின்றன. 1987-இல் இங்கே கிடைத்த 'எரிக்' என்ற கடல் ஊர்வனவின் ஓப்பல் எலும்புக்கூடு சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொட்டிக் கிடக்கும் சுரங்க மண்ணில் ஓப்பல் பொறுக்கிப் பார்க்கப் பயணிகளுக்கென ஊருக்குள்ளேயே பொது இடம் உண்டு. மற்ற இடங்களில் பிறருடைய உரிமை நிலத்தில் நுழையக் கூடாது. மூடப்படாத செங்குத்துக் குழிகள் எண்ணற்றவை என்பதால், படம் எடுக்கும்போது பின்னோக்கி நடக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையை உயிர்காக்கும் அறிவுரையாகவே கொள்ள வேண்டும்.

ஊருக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் கங்கு-பிரேக்அவேஸ் பாதுகாப்புப் பூங்கா உள்ளது. அரிப்பினால் பீடபூமியிலிருந்து பிரிந்து நிற்கும் தட்டை உச்சிக் குன்றுகள் வெள்ளை, காவி, செம்பழுப்பு என நிறம் மாறுகின்றன. காட்சி மேடையில் மாலை வெயில் சாயும்வரை நின்று பார்ப்பது நல்லது. பழங்குடியினருக்குப் புனிதமான நிலமாதலால் அனுமதிச் சீட்டும் மரியாதையும் அவசியம். அருகே நிலவின் தரையை நினைவூட்டும் வெற்றுவெளியும், தெற்கிலுள்ள ஆட்டு மந்தைகளை டிங்கோ நாய்களிடமிருந்து காக்க எழுப்பிய, 5,000 கி.மீ.க்கும் அதிக நீளமான வேலியும் உள்ளன. 'மேட் மேக்ஸ்' வரிசையின் மூன்றாம் படமும் (1985) 'பிட்ச் பிளாக்'கும் (2000) இப்பகுதியில் படமாக்கப்பட்டன.

புல்லே இல்லாத கோல்ஃப் மைதானம் ஒன்றும் ஊரில் உண்டு; குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணல்தான். காட்டி தண்டா-ஐர் ஏரியின் உப்புவெளியைச் சிறு விமானத்தில் சென்று பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். அடிலெய்டு–டார்வின் இடையே ஓடும் 'கான்' ரயிலின் மங்குரி நிறுத்தம் ஊரிலிருந்து 40 கி.மீ.க்கு மேல் தள்ளி இருப்பதால், பெரும்பாலோர் சாலை வழியாகவே வருகின்றனர்.