ஃபூ-கோ பலூன் குண்டு

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஜப்பானியத் தரைப்படை வட அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்ட ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் குண்டுக்கு ஃபூ-கோ என்று பெயர். பலூனைக் குறிக்கும் ‘ஃபூசென்’ என்ற ஜப்பானியச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அமைந்த மறைபெயர் இது. 1944 நவம்பர் 3 தொடங்கி 1945 ஏப்ரல் வரை ஏறத்தாழ 9,300 பலூன்கள் ஏவப்பட்டன. கண்டம் விட்டுக் கண்டம் தாக்கிய முதல் ஆயுதம் இதுதான்.

1942 ஏப்ரல் 18-இல் டூலிட்டில் தலைமையில் வந்த அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் குண்டு வீசின. அதற்குப் பழிவாங்கும் வழி தேடும் பொறுப்பு, ரகசிய ஆயுதங்களை உருவாக்கிவந்த நோபோரிட்டோ ஆய்வுக்கூடத்திடம் வந்தது. மேஜர் ஜெனரல் குசாபா சுயெகி இத்திட்டத்தை நடத்தினார். அமெரிக்கா வரை சென்று திரும்பும் விமானம் ஜப்பானிடம் இல்லை. ஆனால் காற்று இருந்தது. வானிலை அறிஞர் ஓயிஷி வசாபுரோ 1920-களில் தத்தேனோ ஆய்வகத்திலிருந்து சோதனைப் பலூன்களை விட்டு, ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கு நோக்கிப் பெருவேகக் காற்று ஓடுவதைக் கண்டறிந்திருந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார்; அதனாலேயே உலகில் அநேகமாக யாரும் படிக்கவில்லை. இன்று ஜெட் காற்றோட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்தக் காற்றில் பசிபிக்கைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று இன்னொரு வானிலை அறிஞரான அரகாவா ஹிதெத்தோஷி கணக்கிட்டுக் கொடுத்தார். இரண்டு மூன்று நாள் போதும் என்று தெரிந்தது.

பலூனின் குறுக்களவு 10 மீட்டர். மல்பெரிக் குடும்பத்துச் செடியான கோசோவின் நாரில் செய்த ‘வாஷி’ காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டி அதன் உறையைத் தயாரித்தார்கள். பசை, கொன்யாகு என்னும் கிழங்கின் மாவு. நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு அது. ஒட்டும் வேலையைச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் பள்ளி மாணவிகள். காகிதம் கிழியாதிருக்க நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும், கொண்டை ஊசி கூடாது என்று கட்டளை. எதற்காக ஒட்டுகிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. போர்க்காலப் பசியில் அந்தப் பசையைத் திருடித் தின்றவர்களும் உண்டு.

ஆயுதத்தின் உண்மையான திறமை அதன் அடியில் தொங்கிய அலுமினியச் சக்கரத்தில் இருந்தது. பகல் வெயிலில் ஹைட்ரஜன் விரிந்தால் உறை வெடித்துவிடும்; அடியிலிருந்த வால்வு தானே திறந்து மிகுதி வாயுவை வெளியேற்றியது. இரவுக் குளிரில் வாயு சுருங்கிப் பலூன் கீழிறங்கும். உயரம் சுமார் 9 கிலோமீட்டருக்குக் கீழே போனதும் காற்றழுத்தமானி மின்சுற்றை இணைக்கும். சிறு வெடிமருந்துத் திரி பற்றி மணல் பைகளை அறுத்துவிடும். பாரம் குறைந்த பலூன் மீண்டும் மேலே ஏறும். இப்படி 32 மணல் பைகளும் தீர்ந்த பிறகு, அடுத்த முறை இறங்கும்போது விழுவது குண்டு. பெரும்பாலானவை 15 கிலோ வெடிகுண்டு ஒன்றையும் சில எரிகுண்டுகளையும் சுமந்தன. கடைசியில் பலூன் தன்னையே எரித்துக்கொண்டு தடயத்தை அழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கணினியோ வானொலிக் கட்டுப்பாடோ இன்றி இதைச் சாதித்த பொறியாளர்களை மெச்சத்தான் வேண்டும்.

திட்டத்தின் அடிப்படையில்தான் கோளாறு. மேற்கு அமெரிக்கக் காடுகளைக் கொளுத்துவது நோக்கம். ஆனால் காற்று வலுவாக வீசுவது குளிர்காலத்தில். அப்போது அந்தக் காடுகள் பனியிலும் மழையிலும் நனைந்து கிடக்கும். எரிகுண்டு விழுந்தும் பெரிதாக எதுவும் பற்றவில்லை. வட அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டவையும் கண்ணில் பட்டவையும் ஏறத்தாழ 300 மட்டுமே. 1945 மார்ச் 10-இல் ஒரு பலூன் வாஷிங்டன் மாநிலத்தில் மின்கம்பியில் சிக்க, ஹான்ஃபோர்டு அணு உலைக்குச் சிறிது நேரம் மின்சாரம் தடைப்பட்டது. நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளூட்டோனியம் உருவானது அந்த ஆலையில்தான்.

பலூன்கள் எங்கிருந்து வருகின்றன என்பது முதலில் அமெரிக்கர்களுக்குப் புரியவில்லை. புவியியல் ஆய்வுத்துறையின் ராணுவப் பிரிவு, பைகளில் எஞ்சிய மணலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. அதிலிருந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள், கனிமங்கள், பவளத் துகள் இல்லாமை ஆகியவற்றைக் கொண்டு அது ஹோன்ஷு தீவின் கிழக்குக் கரை மணல் என்று முடிவுகட்டியது. ஏவுதளங்களில் ஒன்றான இச்சினோமியா அந்தக் கரையில்தான் இருந்தது.

இதைவிடப் பலன் தந்த தற்காப்பு, மௌனம். 1945 ஜனவரியில் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் கேட்டுக்கொண்டபடி, பத்திரிகைகளும் வானொலியும் பலூன்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. குண்டு போய்ச் சேர்கிறதா என்பதே ஜப்பானுக்குத் தெரியாமல் போனது. பி-29 விமானத் தாக்குதல்களால் ஹைட்ரஜன் வரத்தும் குன்ற, ஏப்ரலில் ஏவுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த மௌனத்துக்கு விலையும் இருந்தது. 1945 மே 5-இல் ஓரிகன் மாநிலத்தின் பிளை ஊருக்கு அருகே காட்டுக்கு உல்லாசமாகச் சென்ற ஒரு போதகரின் கர்ப்பிணி மனைவியும், அவர்களோடு வந்த ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியர் ஐவரும், தரையில் கிடந்த பலூனை நெருங்கியபோது குண்டு வெடித்து இறந்தனர். இப்படியொரு பொருள் ஆபத்தானது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. போரில் அமெரிக்கப் பெருநிலத்தில் எதிரியின் ஆயுதத்துக்குப் பலியானவர்கள் இந்த ஆறு பேர் மட்டுமே. அதன் பிறகுதான் அரசு பொதுமக்களை எச்சரித்தது. அதற்குள் பலூன் விடுவது நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது.

பல்லாண்டுகள் கழித்து உண்மையை அறிந்த அன்றைய மாணவிகள் சிலர், காகிதக் கொக்குகள் ஆயிரம் மடித்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பி வருத்தம் தெரிவித்தார்கள். வந்து விழுந்த குண்டுகள் எல்லாம் இன்னும் கிடைத்தபாடில்லை. 2014-இல் கனடாவின் லம்பி ஊருக்கு அருகே வனத்துறைப் பணியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். கடற்படையினர் வந்து அது கிடந்த இடத்திலேயே அதை வெடிக்கச் செய்தனர்.