கூர்ட் ஹேக்னரும் பத்தாவது எண்ணும்

1952ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் முன்னணிக் கணித ஏடுகளுள் ஒன்றாகிய 'மதேமாட்டிஷே சைட்ஷ்ரிஃப்ட்' இதழில், டயபான்டைன் பகுப்பையும் மட்டுச் சார்புகளையும் பற்றிய கட்டுரையொன்று வெளிவந்தது. அதை எழுதிய கூர்ட் ஹேக்னர் பல்கலைக்கழகப் பதவி எதனையும் வகித்தவரல்லர். 1893இல் பேர்லினிற் பிறந்த அவர், வானொலிப் பொறியியலாளராகவும் பாடசாலை ஆசிரியராகவும் சீவித்தவர். அப்போது அவருக்கு வயது 58. காவுஸ் 1801இல் விட்டுச்சென்ற வினாவொன்றுக்கு அக்கட்டுரை முற்றான விடையைத் தந்திருந்தது. அதை ஏற்பார்தாம் இல்லை.

வினா யாது? சாதாரண நிறைவெண்களை முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே வழியில்தான் எழுதலாம். −5இன் வர்க்கமூலத்தை அவற்றோடு சேர்த்துக்கொண்டால் இவ்வொழுங்கு குலைந்துவிடும். 6 என்பது 2 × 3 ஆகவும் வரும். (1 + √−5)(1 − √−5) ஆகவும் வரும். மறை எண்களின் வர்க்கமூலங்களைத் தக்கவாறு சேர்த்து அமைக்கும் தொகுதிகளுள் எவற்றில் ஒருமைப் பிரிப்பு நிலைக்கும்? இன்றைய மொழியிற் கூறின், 1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163 என்னும் ஒன்பதுக்கு மட்டுமே என்பது காவுஸின் ஊகம். அவர் அதை இருபடி வடிவங்களின் வாயிலாகக் கூறினார். ஒயிலரின் n² + n + 41 என்னும் கோவை, n ஆனது 0 முதல் 39 வரையான பெறுமானங்களை ஏற்கும்போதெல்லாம் முதன்மை எண்ணையே தருவது பலருக்கு வெறும் விந்தையாகத் தோன்றலாம். அதன் பின்னணியில் நிற்பதும் இந்த 163தான்.

1934இல் ஹெய்ல்புரொன், லின்ஃபுட் ஆகியோர், பட்டியலில் மேலும் ஓர் எண்ணுக்கு மேல் இடமில்லை என நிறுவினர். அந்தப் பத்தாவது எண் உண்டா, இல்லையா என்பதே எஞ்சிய சிக்கல். இல்லை என்றார் ஹேக்னர்.

அவர் கட்டுரை எளிதில் வாசிக்கத்தக்கதன்று. முற்றாக விளக்கப்படாத படிகளும் அதில் இருந்தன. வெபரின் நூலிற் காணப்படும், நிறுவப்படாத கூற்றொன்றில் அது தங்கியுள்ளது என்ற எண்ணமும் பரவியிருந்தது. ஆதலின் ஐயுற்றவர்களை முற்றாகக் குறைகூறல் தகாது. எனினும், இதே குறையுள்ள கட்டுரை புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவரிடமிருந்து வந்திருப்பின், அதன் இடைவெளியை நிரப்ப மாணாக்கர் பலர் முந்தியிருப்பர் என்பதையும் மறுத்தல் இயலாது. பெயரறியாதவர் எழுதியதிற் குறை காணப்பட்டால், குறையே முடிவாகிவிடுகிறது.

ஹேக்னர் 1965 பெப்ரவரியிற் காலமானார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் அலன் பேக்கர், மடக்கைகள் பற்றிய தம் தேற்றத்தால் சிக்கலுக்கு வழி திறந்தார். அமெரிக்கரான ஹரல்ட் ஸ்டார்க் வேறொரு முழுநிறுவலை 1967இல் வெளியிட்டார். இரு வழிகளும் ஒரே முடிவைத் தந்தன: பத்தாவது எண் இல்லை. அதன் பின்னரே பழைய கட்டுரை மீண்டும் பக்குவமாக வாசிக்கப்பட்டது. 1968இல் டொய்ரிங், அடுத்த ஆண்டில் ஸ்டார்க் ஆகியோர் அதனை ஆராய்ந்து, நிறுவல் சாராம்சத்திற் சரியே என்றனர். ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்ட இடத்தைச் சீர்செய்ய வெபர் காலத்துக் கணிதமே போதுமாயிருந்தது. தம் நிறுவலும் ஹேக்னரின் நிறுவலும் நெருங்கிய உறவுடையன என்பதை ஸ்டார்க்கே எடுத்துக்காட்டியமை பாராட்டுக்குரியது.

பிரித்தானியக் கணிதவியலாளர் பிரையன் பேர்ச் மற்றொன்றையும் கண்டார். வகுப்பெண் சிக்கலுக்கு அப்பால், நீள்வளையச் சமன்பாடுகளுக்குத் தீர்வுகளைக் கட்டியமைக்கும் முறையொன்றும் அப்பக்கங்களிற் புதைந்திருந்தது. 1968இல் பம்பாயில் நிகழ்ந்த கருத்தரங்கின் தொகுதிக்கு அவர் அளித்த கட்டுரைக்கு, ஹேக்னரின் தலைப்பையே ஆங்கிலமாக்கிச் சூட்டினார். அம்முறையாற் பெறப்படும் புள்ளிகள் 'ஹேக்னர் புள்ளிகள்' எனப்படுகின்றன. 1986இல் குரொஸ், சாகியர் ஆகியோர் வெளியிட்ட பெருந்தேற்றம் அவற்றைப் பற்றியதே. ஒன்பது எண்களும் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.