விரலை நிமிர்த்திய டாக்டர்

ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் க்ளட்ச் பிடிக்கிறோம்ல? மூளையோட சிக்னல் நரம்பு வழியா வந்து, நுனியில அசிட்டைல்கோலின் சுரந்தாத்தான் தசை சுருங்கும். நரம்பு போச்சுன்னா தசை இருந்தும் பிரயோஜனமில்ல.

தொழுநோய்ல நடக்கிறது இதுதான். கிருமி, தோலுக்கடியில குளிர்ச்சியா ஓடுற கை நரம்புகளைத் தாக்கும், விரல்கள் மடங்கிடும். 'இந்தக் கை அவ்வளவுதான்'னு ஒதுக்கின காலம் அது.

சேர்வராயனுக்குத் தெற்கே, கொல்லிமலையில 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். முன்கைத் தசைகள் பல நல்லா இருக்கிறதை வேலூர் சிஎம்சியில கவனிச்சார். 1940களின் கடைசியில, அதுல ஒரு தசையோட நாணை எடுத்து விரல்கள்ல இணைச்சார். நோயாளிகள் பயிற்சி எடுத்தாங்க, மூளையும் பழகிக்கிச்சு. விரல் நிமிர்ந்தது.

தொடு உணர்ச்சி மட்டும் திரும்பல. அதனால, சூடு, காயம் இருக்கான்னு தினமும் கையைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார்.