பழைய வண்டிக்கு விலை வைப்பது யார்?

"எந்தக் கம்பெனி வண்டிக்கு ரீசேல் வேல்யூ அதிகம்?" எங்க ஊர் டீக்கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் ரெண்டே வார்த்தைதான். "ஸ்ப்ளெண்டர் வாங்கு." கொஞ்சம் வசதியான ஆளா இருந்தா "புல்லட் வாங்கு." ஏன்னு கேட்டா, "அது அப்படித்தான்." அந்த "அப்படித்தான்"க்குப் பின்னாடி ஒரு அறுபது எழுபது வருஷ வரலாறு இருக்கு. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி, எங்க ஊரைப் பத்தி ரெண்டு வரி. சித்தையன்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம், செம்பட்டிக்குப் பக்கம். இங்கே பைக் என்பது சும்மா போக வர மட்டும் இல்லை. தேங்காய் மூட்டை, வாழைத்தார், புல்லுக்கட்டு, பால் கேன் எல்லாம் அதில்தான் போகும். அதைவிட முக்கியமா, நகைக்கு அடுத்தபடி அவசரத்துக்குக் காசாக்கக்கூடிய சொத்து அது. காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் முதலில் கம்மல் போகும், அடுத்து வண்டி போகும். அந்த நேரத்தில் விலை ஐயாயிரம் கூடக் குறைய இருப்பது விளையாட்டு இல்லை. அதனால்தான் ஷோரூமுக்குள் காலை வைக்கும்போதே "திருப்பி வித்தா என்ன போகும்?" என்று கேட்கிறோம்.

சரி, கதைக்கு வருவோம்.

1949ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்து புல்லட்டை இறக்குமதி செய்ய ஆரம்பித்தது. ராணுவத்திலிருந்து ஆர்டர் வந்தது. 1955ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1960களில் மைசூரில் ஐடியல் ஜாவா, ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் இந்த மூணுதான். இத்தனை வண்டிதான் செய்யலாம் என்று லைசென்ஸ் கொடுத்தது அரசாங்கம். ஸ்கூட்டருக்கு இன்னும் மோசம். பஜாஜ் புக் பண்ணிவிட்டுப் பத்து வருஷம்கூடக் காத்திருந்தவர்கள் உண்டு. விளைவு என்ன? ஓடின ஸ்கூட்டர், புதுசின் விலையைவிடக் கூடுதலாக விற்றது! பழசானால் விலை குறையும் என்பதெல்லாம் அன்றைக்குச் செல்லுபடியாகாத தத்துவம். அந்தக் கூடுதல் காசு வண்டிக்கு இல்லைங்க, காத்திருக்காமல் கையில் கிடைப்பதற்கு.

இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய சேத்தக்கின் மறுவிற்பனை விலை பஜாஜ் சம்பாதித்த நல்ல பேரால் மட்டும் வந்ததில்லை. டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்தால் வந்தது. புது வண்டி தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அந்த மவுசு கரைந்துபோனது. கியர் இல்லாத ஆக்டிவா 2001ல் வந்த பிறகு சேத்தக்கைச் சீந்த ஆள் இல்லை.

1980களில் 100 சிசி வரைக்கும் வெளிநாட்டுக் கூட்டுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. நாலு ஜப்பான் கம்பெனிகளும் உள்ளே வந்தன. டிவிஎஸ்ஸோடு சுசுகி (1984), ஹீரோவோடு ஹோண்டா (சிடி 100, 1985), எஸ்கார்ட்ஸோடு யமஹா (ஆர்எக்ஸ் 100, 1985), பஜாஜோடு கவாசாகி (கேபி 100, 1986). இதில் ஹோண்டா மட்டும்தான் ஃபோர் ஸ்ட்ரோக். ஆயிலை பெட்ரோலில் கலக்கிற வேலை இல்லை, லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. இளவட்டங்கள் ஆர்எக்ஸ் 100 பின்னாடி ஓடினார்கள். வாத்தியார், விஏஓ, பால்காரர் எல்லாம் சிடி 100 பின்னாடி போனார்கள். 1994ல் அதே 97.2 சிசி இன்ஜின் வம்சத்தில் ஸ்ப்ளெண்டர் பிறந்தது.

இங்கேதான் ரீசேலின் சூட்சுமம் தொடங்குகிறது. ஒரே அடிப்படையில் அமைந்த இன்ஜின் முப்பது வருஷத்துக்கு மேல் தெருவில் ஓடினால் என்ன ஆகும்? செம்பட்டியில், ஆத்தூரில், வத்தலக்குண்டில் உள்ள எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். பிஸ்டன், கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட் ஒரிஜினலிலும் கிடைக்கும், வெளிக் கம்பெனியிலும் கிடைக்கும். வாங்குகிறவன் கொடுக்கிற காசில் பாதி வண்டிக்கு என்றால், பாதி அந்த மெக்கானிக் தைரியத்துக்கு.

பிராண்ட் பேர்தான் விலையைத் தூக்கிப் பிடிக்கிறது என்று சொல்பவர்களுக்கு ரெண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒண்ணு, ஸ்ப்ளெண்டர். 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தார்கள். டேங்கில் இருந்த ஹோண்டா என்ற பேரே போய்விட்டது. "இனிமே விலை போகாது" என்று அப்போது பேசினவர்கள் நிறைய. ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் அதேதான், ஸ்பேர் அதேதான், மெக்கானிக் அதே அண்ணன்தான். பேர் போச்சு, விலை நின்னுச்சு.

ரெண்டு, யெஸ்டி. இழுவைக்குப் பேர்போன வண்டி. பட்டிவீரன்பட்டிப் பக்கம் மலைத்தோட்டத்துக்குப் போகிறவர்களிடம் புல்லட், யெஸ்டி ரெண்டுக்கும் மரியாதை இருந்தது. ஆனால் பெட்ரோலைக் குடிக்கும். 1996ல் மைசூர் தொழிற்சாலை மூடினதும் ஸ்பேருக்கு அல்லாட்டம். நல்ல பேர் அப்படியே இருந்தது, விலை மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போனது. பேர் நின்னுச்சு, விலை போச்சு!

அப்போ ஆர்எக்ஸ் 100? 1996ல் நிறுத்தின வண்டி இன்றைக்கு லட்சத்தைத் தாண்டி விற்கிறதே என்பீர்கள். அது ரீசேல் வேல்யூ இல்லைங்க, பழம்பொருள் விலை. ரெண்டும் வேற வேற. காலேஜில் பார்த்து ஏங்கின வண்டியை இன்றைக்குச் சம்பளம் வாங்கும் ஆள் ஆசைக்கு வாங்குகிறார். நடுவில் அதே ஆர்எக்ஸை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள்தான் அதிகம். முப்பது வருஷம் கழித்து ஏறுகிற விலை, நாலு வருஷத்தில் மகள் பீஸுக்கு வண்டியை விற்கிற மனுஷனுக்கு எந்த வகையில் உதவும்?

புல்லட் கதை ரெண்டுக்கும் நடுவில். 2000 வாக்கில் கம்பெனியே நிற்குமா என்ற நிலை. ஆனால் உற்பத்தி ஒருநாளும் முழுசாக நின்றதில்லை, அதனால் ஸ்பேரும் நிற்கவில்லை. 2009ல் கிளாசிக் வந்து புதுத் தலைமுறையைப் பிடித்தது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினை நிறுத்தினதும் பழசுக்குத் தனி மவுசு. எங்கள் பக்கம் யாரும் பெருமையாகப் பேசாத இன்னொரு வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல். 1980ல் வந்த டிவிஎஸ் 50யின் வாரிசு. சீட்டைக் கழற்றிவிட்டு ரெண்டு மூட்டை ஏற்றலாம். விலைக்கு வந்தால் வீட்டு வாசலிலேயே ஆள் வந்து கேட்கும்.

இதையெல்லாம் 1970லேயே ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் கட்டுரையாக எழுதினார். 2001ல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். மேட்டர் இதுதான்: பழைய வண்டியின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் எல்லா வண்டிக்கும் சேர்த்துக் குறைத்துக் கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டே போவான். எங்க ஊர் அதற்குக் கண்டுபிடித்த மருந்து, "நம்ம மெக்கானிக் பார்த்துட்டு சரின்னு சொல்லட்டும்." ஊர் மெக்கானிக் கைக்குப் பழகின வண்டியில்தான் அந்தச் "சரி" சுலபமாகக் கிடைக்கும். சிங்கிள் ஓனர், ஆர்சி புக், கடன் முடிந்த என்ஓசி எல்லாம் சரியாக இருந்தால் விலை கூடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆனா லைசென்ஸ் காலம் போய்விட்டது, இனி சந்தைதான் விலை வைக்கிறது என்று நினைக்காதீர்கள். 2017 மார்ச் 29ல் உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 3 வண்டி விற்கக் கூடாது என்றது. கம்பெனிகளிடம் 6.71 லட்சம் டூ வீலர் கையிருப்பு. ரெண்டு நாளில் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி போட்டுத் தள்ளினார்கள். புதுசே அந்த விலைக்குக் கிடைத்தால், ஆறு மாசப் பழசை யார் கேட்பார்கள்?

2025 செப்டம்பர் 22ல் இன்னொன்று. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வரிக்கு முன் 70,000 ரூபாய் வண்டி, முன்பு 89,600, பிறகு 82,600. ஏழாயிரம் குறைவு. அதற்கு முந்தின மாசம் டியூவில் எடுத்தவருக்கு டியூ குறையவில்லை, வண்டியின் விலை மட்டும் குறைந்தது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, வண்டியிலும் கோளாறு இல்லை.

ஆக, ரீசேல் வேல்யூ என்பது கம்பெனி கொடுக்கிற வரம் இல்லை. புதுசு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது, ஸ்பேர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, ஊர் மெக்கானிக்குக் கை பழகியிருக்கிறதா, இந்த மூணும்தான் விலை வைக்கின்றன. இப்போது வருகிற பேட்டரி வண்டிகளையும் இதே தராசில் நிறுத்திப் பாருங்கள். பேட்டரியைப் பிரித்துப் பார்த்து "சரி" சொல்ல எங்க பக்கத்து மெக்கானிக்குக் கை பழகுகிற வரைக்கும், டீக்கடைப் பதில் மாறாது.

உங்க ஊர் டீக்கடையில் என்ன வண்டி சொல்றாங்க?