பக்தாத்தை விட்டுப் புறப்பட்ட இமாம்

ஹிஜ்ரி 488 (கி.பி. 1095). பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் சுமார் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஒருநாள் பாடம் சொல்ல நா எழாமல் திகைத்து நின்றார்கள். உணவு செல்லவில்லை, உடல் மெலிந்தது. நோய் உள்ளத்தில் இருக்கிறது, மருந்தால் பயனில்லை என மருத்துவர்கள் கைவிரித்தனர்.

தத்துவம் அறியாதவருக்கு வந்த கலக்கமன்று இது. ஓய்வு நேரங்களில் தாமாகவே பயின்று, தத்துவ ஞானிகளின் கொள்கைகளை இரண்டாண்டுகளுக்குள் கற்றுத் தேர்ந்தவர்கள் அவர்கள். 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' நூலில் 20 பிரச்சினைகளில் அவர்களை மறுத்தார்கள். ஆயினும் தர்க்கத்தையும் கணிதத்தையும் தள்ளிவிடவில்லை. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக் கணக்கை மறுப்பவன் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறான் என்பது அவர்களின் கருத்து. இதை நாம் இன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பின்னர் ஸூஃபியாக்களின் நூல்களைப் படித்தார்கள். ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாய் இருப்பது வேறு என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புலப்பட்டது. ஏட்டில் கிடைப்பதெல்லாம் கிடைத்துவிட்டது. எஞ்சியது 'தவ்க்' எனும் சுவைத்தறிதல். அந்நிலையில் தம் நிய்யத்தைச் சோதித்தார்கள். கற்பித்தலின் நோக்கம் அல்லாஹ்வின் திருப்தி அன்று, புகழும் பதவியுமே என்று கண்டார்கள். போவதா, இருப்பதா என ஏறத்தாழ ஆறு மாதங்கள் தடுமாறினார்கள். நா அடங்கியது அதன் முடிவில்தான்.

குடும்பத்தினருக்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துப் புறப்பட்டார்கள். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் நாள் முழுவதும் தனித்திருந்தார்கள், பைத்துல் முகத்தஸ் சென்றார்கள், ஹஜ்ஜும் செய்தார்கள். பிள்ளைகளின் அழைப்பு அவர்களைத் தாயகம் திரும்பச் செய்தது. 1106இல் நைசாப்பூரில் மீண்டும் பாடம் தொடங்கினார்கள். 1111இல், பிறந்த ஊராகிய தூஸில் வஃபாத்தானார்கள்.

பரவச நிலையை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால், அந்நிலையில் இறைவனோடு ஒன்றிவிட்டதாகக் கூறுவது பிழை என்றார்கள். பாமரர் முன்னிலையில் அத்தகைய பேச்சு பெருங்கேடு என்றும் எச்சரித்தார்கள்.

பிற்காலத்தில் பார்ஸி மொழியில் எழுதிய 'கீமியாயே ஸஆதத்' நூலின் பெயருக்கு 'நற்பேற்றின் ரசவாதம்' என்று பொருள். தன்னை அறிதலில் தொடங்கும் அந்நூலில் பரவசத்தின் ஒழுங்குகளுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதை அவர்கள் எட்டாத உயரத்தில் தனியே வைக்கவில்லை. உண்ணுதல், திருமணம், வியாபாரம், பயணம் ஆகியவற்றின் ஒழுங்குகளைக் கூறும் அதே பகுதியில்தான் வைத்திருக்கிறார்கள்.