குற்றமும் கலையும்: வைணவ இருகலைப் பிணக்கு – ஓர் ஆராய்ச்சி

தமிழ்நாட்டு வைணவ வரலாற்றில் வடகலை, தென்கலை என்னும் பிரிவினைப் பற்றிக் கேள்வியுறாதார் இலர். ஆயின், அப்பிரிவு யாது காரணம் பற்றித் தோன்றியது என வினவின், பெரும்பாலோர் நெற்றியில் இடும் திருமண்ணின் வடிவத்தையே சுட்டுவர். மூக்கின் மேற்பகுதியிற் பாதம் அமையத் தீட்டுவது தென்கலை எனவும், பாதமின்றி வளைத்துத் தீட்டுவது வடகலை எனவும் கூறி அமைவர். கொள்கையை ஓரளவு அறிந்தோர், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியையும் எடுத்துக்காட்டுவர். இவை பிணக்கின் அடையாளங்களேயன்றி அதன் வேர் ஆகா. தன் குற்றத்தை உணர்ந்த ஒருவன் இறைவனை அடையுங்கால், அக்குற்றம் என்ன ஆகின்றது என்னும் வினாவே அதன் வேர் என்பது எம் கருத்து. அவ்வினா எழுந்தவாற்றையும், அது அடையாளப் பூசலாக மாறியவாற்றையும், அம்மாற்றத்தால் இருசாராரும் இழந்தது யாது என்பதனையும் ஈண்டு ஆராய்வோம்.

1. பொதுவாய் அமைந்த குற்றவுணர்வு

இருகலையார்க்கும் பொதுவாகிய தமிழ் மறை நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். அதனுள் தம் குற்றங்கூறி இரங்கும் பாசுரங்கள் பல. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி, வீணே கழிந்த நாள்களை எண்ணி வருந்தும் குரலோடுதான் தொடங்குகின்றது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் தம்பால் நன்மை யாதொன்றும் இல்லாமையை அடுக்கிக் கூறுகின்றார். பின்வந்த ஆசாரியரும் இந்நெறியினரே. ஆளவந்தார் வடமொழியில் இயற்றிய தோத்திர ரத்தினத்தில், பழிக்கத்தக்க செயல் அனைத்தையும் தாம் பன்முறை செய்துள்ளதாக முறையிடுகின்றார். இராமாநுசர் தம் சரணாகதி கத்தியத்தில் பலவகைப் பிழைகளையும் வகுத்தெண்ணிப் பொறுத்தருள வேண்டுகின்றார். தன் தாழ்வைத் தானே எண்ணிச் சொல்லும் இம்மரபினை வைணவ உரையாசிரியர் நைச்சியாநுசந்தானம் என்பர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆழ்வார் ஒருவர் தனித்திருந்து இரங்கிப் பாடியதனைக் கோயிலிற் கோட்டியார் அனைவரும் ஒருங்கிருந்து ஓதுகின்றனர். ஒருவர் நெஞ்சில் எழுந்த குற்றவுணர்வு ஒரு குழுவின் ஒருமித்த குரலாகிவிடுகின்றது. 'யாம் தகுதியுடையேம் அல்லேம்' என்று கூறுவோரின் கூட்டம் என்பதே இச்சமயத்தார் தம்மைப் பற்றிக் கொண்ட முதல் அடையாளம் எனலாம். பிரிவு தோன்றியது இவ்வுணர்வினை ஒருசாரார் கைவிட்டமையால் அன்று. இருசாராரும் அதனை மிக ஆழமாகப் போற்றியமையாலேயே அதன் பொருள் குறித்து மாறுபட நேர்ந்தது.

2. மாறுபாட்டின் நடுவிடம்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசனபூஷணம் என்னும் நூலை மணிப்பிரவாள நடையில், சுருங்கிய வாக்கியங்களால் யாத்தார். இறைவனுக்குரிய வாத்சல்யம் என்னும் குணத்திற்கு அவர் மரபினர் தரும் விளக்கம் பெரிதும் துணிவுடையது. ஈன்றணிமையில் ஆவானது தன் கன்றின் உடலிலுள்ள அழுக்கை நாவால் நக்கி இன்புறுகின்றது. அதுபோல, அடியான் குற்றத்தையே இறைவன் இனியதாகக் கொள்வான் என்பர். இதனைத் தோஷபோக்யத்துவம் என வழங்குவர். இதற்குத் தமிழ்ச் சான்றாகப் பெரியாழ்வார் திருமொழியைக் காட்டுவர். அடியார் குற்றத்தைத் திருமகளே எடுத்துக் கூறினும், இறைவன் அடியார் பக்கமே நின்று பேசுவான் என்பது அவ்விடத்துக் கருத்து.

காஞ்சியை அடுத்த தூப்புலில் 1268இல் தோன்றிய வேதாந்த தேசிகர் இதனை உடன்படவில்லை. வாத்சல்யமாவது குற்றத்தைப் பொருட்படுத்தாது விடுதலேயன்றி, அதனை விரும்புதல் அன்று என்பது அவர் கொள்கை. மறைகளும் அறநூல்களும் இறைவன் ஆணை. ஆணையை மீறுதல் அவனுக்கு இனிதாகுமாயின் ஆணையிட்டதனாற் பயன் யாது என்பது இவ்வணியினர் எழுப்பும் தடை.

அடைக்கலம் புகுதல் பற்றியும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. பிரபத்திக்கு இறைவனுக்கு உகந்தன செய்யத் துணிதல், உகவாதன விலக்குதல், காப்பான் என்னும் உறுதி, காக்க வேண்டுதல், தன் இயலாமையை உணர்தல் என ஐந்து அங்கங்கள் கூறப்படும். இவை அடைக்கலத்திற்கு இன்றியமையாதன எனத் தேசிகர் ரகசியத்திரயசாரத்தில் நிறுவுகின்றார். அடைக்கலம் புகுந்த பின்னர் அறிந்தே பிழை செய்தவன் அதற்குக் கழுவாய் தேடவேண்டும் எனவும், தேடாது நெஞ்சம் இறுகியிருப்பானாயின் இறைவன் எளிய தண்டனை ஒன்றைத் தந்து அவனைத் திருத்துவான் எனவும் கூறுகின்றார். உலகாசிரியர் மரபிலோ, அவ்வங்கங்கள் அடைக்கலம் புகுந்தான்பால் தாமே தோன்றும் இயல்புகள். ஒருமுறை புகுந்த அடைக்கலமே அமையும். மீண்டும் ஒன்று வேண்டுமெனல் முதலாவதன்பால் ஐயம் கொள்வதாகும்.

இவற்றை மேலெழுந்தவாறு நோக்குவோர், தென்கலையார் பாவத்தை எளிதாகக் கொண்டனர் எனவும், வடகலையார் அருளைக் குறைத்து மதித்தனர் எனவும் கூறுவர். இவ்விரு கூற்றும் பொருந்தா. ஸ்ரீவசனபூஷணம் செய்யத்தகாதன செய்தல், பகவதபசாரம், பாகவதாபசாரம், அசஹ்யாபசாரம் எனக் குற்றங்களை வகுத்து, அவை ஆன்மாவிற்குக் கேடு பயத்தலை விரித்துரைக்கின்றது. தேசிகரும், உயிரின் முயற்சி இறைவன் அருளுக்கு ஒரு வியாஜமேயன்றி விலையன்று எனத் தெளிவுறுத்துகின்றார்.

எனவே, இருவரும் இருவேறு அச்சங்களுக்கு மருந்து தேடினர் என்பதே பொருத்தமாகும். தன் குற்றத்தை எண்ணியெண்ணி ஒருவன் நம்பிக்கை இழந்துவிடுவானோ என்பது ஓர் அச்சம். மன்னிப்பு உறுதியென்று அறிந்தமையால் அவன் குற்றத்தை எண்ணாமலே இருந்துவிடுவானோ என்பது மற்றோர் அச்சம். குற்றம் உணர்ந்த நெஞ்சில் இவ்விரண்டும் மாறிமாறி எழுதல் இயல்பு. அசோகவனத்தில் அரக்கியரைத் தண்டிக்க விழைந்த அநுமனைச் சீதை தடுத்த நிகழ்ச்சியை இருசாராரும் போற்றுவதற்குக் காரணமும் இதுவே.

3. வினா அடையாளம் ஆயினமை

வடகலை என்பது வடமொழிக் கல்வியையும், தென்கலை என்பது தமிழ்க் கல்வியையும் குறிக்கும் என்பாருளர். சொற்பொருள் அவ்வாறாயினும், ஆசாரியர்களை அவ்வாறு பிரித்தல் இயலாது. தேசிகர் தமிழிற் பாடிய பிரபந்தங்கள் தனித் தொகுதியாக விளங்குகின்றன. தென்கலையார் போற்றும் மணவாள மாமுனிகள் (1370–1443) தமிழில் உபதேச ரத்தினமாலை இயற்றியதோடு, தம் தாழ்வு கூறி இராமாநுசரை வேண்டும் யதிராஜ விம்சதியை வடமொழியில் இயற்றினார்.

முதலிற் பிணக்கு, பகையாக இருந்ததெனக் கொள்ளவும் இடமில்லை. திருவரங்கம் 1323இல் தில்லிப் படையால் தாக்குண்டபோது, முதியவரான உலகாசிரியர் அழகிய மணவாளனின் திருமேனியைக் காத்துத் தெற்கே சென்று வழியிலேயே உயிர் நீத்தார் எனவும், தேசிகர் சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலையும் அதன் ஆசிரியரின் மைந்தர் இருவரையும் காத்துச் சென்றார் எனவும் மரபு கூறும். திருவரங்கத்துக் கல்வெட்டு, கோபணன் என்னும் விசயநகரத் தலைவன் 1371இல் இறைவனை மீண்டும் எழுந்தருளுவித்ததைக் குறிக்கின்றது. ஒருவர் திருமேனியையும் மற்றொருவர் நூலையும் காத்தனர் என்னும் இம்மரபுச் செய்தியில் பிரிவின் சாயலே இல்லை. ஆசாரியரிடையே காணும் வேறுபாடு விளக்கும் முறையில் எழுந்த யோஜனாபேதமே என்பது தேசிகரின் நோக்கு.

மாமுனிகள் ஸ்ரீவசனபூஷணத்திற்கு விரிவுரை வரைந்த பின்னர் ஒருபால் மரபு உறுதிப்பட்டது. வானமாமலை மடம் முதலியன அதன் நிலைக்களன்கள் ஆயின. மறுபால் அகோபில மடம் முதலியன வளர்ந்தன. பிரபந்தம் ஓதுவதற்கு முன் கூறும் தனியன், மாமுனிகளைப் போற்றுவதா, தேசிகரைப் போற்றுவதா என்னும் வினா கோயில்தோறும் எழுந்தது. வேறுபாடுகளைப் பதினெட்டு என எண்ணி வகைப்படுத்தும் வழக்கமும் தோன்றியது. அப்பதினெட்டினையும் கோவிந்தாசாரியார் 1910இல் இலண்டன் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இதழில் ஆங்கிலத்தில் விளக்கி எழுதினார். ஒரு வினாவைப் பட்டியலாக்கியவுடன் அதனை ஆராய்வதினும், தாம் எப்பட்டியலைச் சார்ந்தவர் என அறிவதே முதன்மை பெறுகின்றது. நெற்றிக் குறி அப்பட்டியலின் மிகச் சுருங்கிய வடிவம் எனலாம்.

4. வழக்குமன்றத்தில் எழாத வினா

கோயிலில் முன்னின்று ஓதும் உரிமை வெறும் பெருமையன்று. அத்யாபக மிராசு என்னும் அவ்வுரிமையோடு தீர்த்தம், சடாரி முதலிய மரியாதைகளும், பிரசாதப் பங்கும், வருவாயும் இணைந்திருந்தன. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் இவ்வழக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் முன் சென்றது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தாற் கோயில்கள் அரசின் மேற்பார்வைக்குள் வந்தன. 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டத்தால் அரசு அப்பொறுப்பினின்று விலகியபோது, பிணக்குகள் நேரே நீதிமன்றங்களை அடைந்தன. காஞ்சி வரதராசர் கோயிலின் அத்யாபக மிராசு பற்றிய வழக்கில் 1882இல் சென்னை உயர்நீதிமன்றம் முடிபு கூறியது. ஆயினும் பூசல் ஒழிந்திலது. 2022இலும் அக்கோயிலில் ஓதும் உரிமை பற்றிய வழக்கு அதே உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது.

நீதிமன்றத்தைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. பணியுரிமை யாருக்கு, பண்டைய வழக்காறு யாது என்பனவே அது தீர்க்கத்தக்க வினாக்கள். அடியான் குற்றத்தை இறைவன் விரும்புவானோ, காணாது விடுவானோ என்பது எந்நீதிமன்றத்திலும் எழமுடியாத வினா. ஆகவே, மன்றத்திற் புகுந்தவுடன் பிணக்கின் வேர் மறைந்து கிளையே எஞ்சியது. 'யாம் தகுதியுடையேம் அல்லேம்' என்னும் பொருளுடைய பாசுரங்களை முன்னின்று ஓதுதற்குத் 'தகுதியுடையேம் யாமே' என வழக்காடும் நிலை இவ்வாறு நேர்ந்தது.

இருகலையாரிடையே நிகழ்ந்தது பிழைப்பும் மரியாதையும் பற்றிய பூசலே, அதிற் கொள்கையைத் தேடுதல் வீண் என்று சிலர் கூறக்கூடும். பொருளியற் காரணம் உண்மையே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், வருவாய் மிகுதியும் இல்லாத சிற்றூர்க் கோயில்களிலும் பூசல் எழுந்தது. மரியாதை இன்றியமையாததாகத் தோன்றுதற்கே ஒரு காரணம் வேண்டும். தன் மரபே குற்றத்தினின்று உய்யும் வழியை உள்ளவாறு காத்தது என்னும் நம்பிக்கையே அக்காரணம் என்று கருதுகின்றோம்.

5. மறக்கப்பட்ட குற்றம்

இருகலை ஆசாரியரும் ஒருமுகமாய் அஞ்சிய குற்றம் ஒன்று உண்டு. அது பாகவதாபசாரம், அஃதாவது அடியார்க்கு இழைக்கும் பிழை. திருவாய்மொழியில் அடியார் பெருமையைப் பாடும் பதிகங்கள் (3.7, 8.10) இருசாரார்க்கும் உயிரனையன. மறை முற்றக் கற்றவரும் அடியாரைப் பழிப்பின் அக்கணமே இழிவெய்துவர் என்பது திருமாலையின் கருத்து. அடியாரின் பிறப்பை ஆராய்தலையே கொடிய குற்றமாக உலகாசிரியர் எண்ணினார். தேசிகர் வருண ஒழுங்கு உடலுள்ளவரை நீங்காதென்று கொண்டவராயினும், எக்குலத்து அடியாரையும் இகழ்தல் ஆகாதென்பதில் உறுதியாய் இருந்தார். இக்கொள்கை நூலில் நின்றவாறே கோயில் நடைமுறையிலும் முழுதும் நின்றதெனக் கூறுதற்கில்லை.

கூரத்தாழ்வானைப் பற்றி வைணவ மரபில் வழங்கும் செய்தி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. இராமாநுசருக்கு மாற்றாகச் சோழன் அவைக்குச் சென்று கண்ணிழந்தவர் அவர். 'நும்மனோர்க்கும் இத்துன்பம் வரலாமோ' என ஆசாரியர் வருந்தியபோது, ஓரடியாரின் திருமண்காப்புக் கோணலாய் உள்ளதென்று தாம் ஒருகால் நினைத்திருக்கக்கூடும், அதன் பயனே இது என்று அவர் விடையிறுத்தாராம். வாயாற் கூறியதும் அன்று. நெஞ்சால் நினைத்திருக்கலாம் என்ற ஐயமே அவருக்குக் குற்றமாயிற்று. பிறர் நெற்றிக் குறியை மதிப்பிடுதலே பிழையென அஞ்சிய இவரை இருகலையாரும் தம் முன்னோராகப் போற்றுகின்றனர். அவருக்குப் பின்வந்தோரோ அக்குறியின் வடிவத்தையே வழக்காக்கினர்.

குற்றத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த மிக நுண்ணிய சிந்தனைகளுள் இவ்விரு மரபின் சிந்தனையும் இடம் பெறத்தக்கது. பிரிவு எழுந்தமையால் அச்சிந்தனை அழியவில்லை. பிரிவே அடையாளமாகி நின்றமையால் அது பின்தள்ளப்பட்டது. ஸ்ரீவசனபூஷணத்தையும் ரகசியத்திரயசாரத்தையும் ஒருகலையார் நூல்கள் எனத் தனித்தனியே பயிலாமல், ஒரே வினாவிற்கு எழுந்த இரு விடைகள் என ஒருங்கு வைத்துப் பயிலுதல் தமிழாய்வாளர் செய்யத்தக்க பணியாகும். அவ்வாறு பயில்வோர்க்கு மணிப்பிரவாள உரைநடையின் வளர்ச்சியும் புலனாகும். ஒரு சமயத்தார் தம்முள் மாறுபட்டும் ஒரே இரக்கக் குரலை ஓதிவந்த வரலாறும் புலனாகும்.