அனுமதி வேறு, ஆதரவு வேறு: முஸ்லிம் வெறுப்புப் படங்களும் அரசின் சிறப்பும்

2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் ‘தி கேரளா ஸ்டோரி’ படத்துக்காகச் சுதிப்தோ சென் சிறந்த இயக்குநராகத் தேர்வுபெற்றார். ஒளிப்பதிவுக்கான விருதும் அதே படத்துக்கே போனது. அப்போது கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயன் உடனே கண்டித்தார். புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சங்கமும் கண்டித்தது. இத்தகைய கண்டனம் எழும்போதெல்லாம் ஒரு கேள்வி திருப்பிக் கேட்கப்படுகிறது: படைப்புச் சுதந்திரத்துக்காகக் குரல்கொடுப்பவர்கள் ஒரு படத்துக்கு விருது தரப்படுவதை எப்படி எதிர்க்கலாம்? படத்தைத் திரையிடும் உரிமையையும் அதற்கு அரசு செய்யும் சிறப்பையும் ஒன்றெனக் கொள்வதால்தான் இக்கேள்விக்கு வலு இருப்பதுபோல் தோன்றுகிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், பெற்றபின் காவல்துறைப் பாதுகாப்போடு ஓடவும் எல்லாப் படங்களுக்கும் உரிமை உண்டு. விருதுக்கும் வரிவிலக்குக்கும் அரசுத் தொலைக்காட்சியில் இடத்துக்கும் எந்தப் படத்துக்கும் உரிமை கிடையாது. அவை அரசு தன் பெயரால், பொதுப் பணத்தில் கொடுப்பவை. கொடுத்ததற்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு சொந்த அனுபவத்திலேயே கண்டிருக்கிறது. 2013 ஜனவரியில் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைக் காரணம் காட்டி, மாவட்ட ஆட்சியர்கள் 144ஆவது பிரிவின்கீழ் இட்ட தடையுத்தரவுகள் மூலம் ‘விஸ்வரூபம்’ படம் நிறுத்தப்பட்டது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடையை நீக்க, மறுநாளே அமர்வு அந்த ஆணையை நிறுத்திவைத்தது. காட்சிகளில் சில திருத்தங்களுக்கு இயக்குநர் உடன்பட்ட பிறகே பிப்ரவரி 7இல் படம் வெளிவந்தது. அந்தத் தடை தவறு. தணிக்கை வாரியம் அனுமதித்த படத்தைச் சட்டம் ஒழுங்கின் பெயரால் முடக்கும் வழக்கம் நிலைபெற்றால், நாளை சிறுபான்மையினரின் துயரத்தைச் சொல்லும் படமே முதலில் முடங்கும்.

‘தி கேரளா ஸ்டோரி’ 2023 மே 5 அன்று இங்கே 19 மல்டிபிளெக்ஸ்களில் வெளியானது. இரண்டே நாளில் திரையரங்க உரிமையாளர்கள் காட்சிகளை நிறுத்தினர். கூட்டம் இல்லாததே காரணம் என்றும், பாதுகாப்புக்கு 965க்கும் மேற்பட்ட காவலர்கள் நிறுத்தப்பட்டனர் என்றும் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மே 18 அன்று நீதிமன்றம் மேற்கு வங்க அரசு படத்துக்கு விதித்திருந்த தடையை நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் படத்துக்குப் பாதுகாப்பு தரச் சொன்னது. படத்தின் உரிமை முழுமையாகக் காக்கப்பட்டது, அது சரியானதே. ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. கேரளத்தில் 32,000 பெண்கள் இஸ்லாத்துக்கு மதம் மாற்றப்பட்டார்கள் என்ற படத்தின் கூற்றுக்கு நம்பத்தகுந்த தரவு இல்லை, படம் புனைவாக்கப்பட்ட வடிவமே என்ற அறிவிப்பைப் படத்தோடு சேர்க்கத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார்.

என் வாதத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. ஆதாரமில்லை என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கூற்றின் மேல் நின்ற படத்தை, 2024 ஏப்ரல் 5 அன்று, மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. அதற்கு அடுத்த ஆண்டு ஒன்றிய அரசு தேசிய விருதும் கொடுத்தது. நீதிமன்றம் அந்தப் படத்துக்குப் பேசும் உரிமையைத்தான் உறுதிசெய்தது. தன் அதிகாரத்தையும் அதற்குச் சேர்த்துக் கொடுத்தது அரசு.

வரிவிலக்கின் கணக்கும் இதுதான். 2022இல் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ படத்துக்கு உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத், ஹரியானா உள்ளிட்ட பல மாநிலங்கள் வரிவிலக்கு அளித்தன. மத்தியப் பிரதேசத்தில் காவலர்கள் படம் பார்க்க விடுமுறை தரப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு அன்றிருந்த சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. அதில் பாதி மாநிலத்தின் பங்கு. வரிவிலக்கு என்பது அந்தப் பங்கைக் கருவூலம் விட்டுக்கொடுப்பதாகும். தேசிய விருதும் தூர்தர்ஷனும் ஒன்றியக் கருவூலத்தால் நடப்பவை. சென்னைப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் வேலைபார்க்கும் முஸ்லிம் தொழிலாளி சோப்புக்கும் செருப்புக்கும் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. தன்னைச் சந்தேகத்துக்குரியவனாகக் காட்டும் படத்துக்குச் செய்யப்படும் சிறப்பில் அவன் காசும் கலந்திருப்பது சிறிய அநீதி அல்ல.

புளியந்தோப்பை இங்கே நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று காவல்துறை சுட்டதில் ஏழு பேர் மாண்டனர். அரசு ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் குற்றம்சாட்ட, ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அம்மக்களுக்காக நின்றார். 1923இல் நீதிக்கட்சியை விட்டும் விலகினார். வீடிழந்தவர்களைக் காப்பது அரசின் கடமை. அதைச் சலுகை என்றது பிழை. ஆனால் ஆலைத் தகராறாகத் தொடங்கிய ஒன்று, எந்தச் சமூகம் எப்படிப்பட்டது, அரசு யார் பக்கம் என்ற பேச்சாக மாறியபோது பகை ஆலையைத் தாண்டி நெடுங்காலம் நீடித்தது. ஒரே தெருவில் வாழ்பவர்களிடையே அரசின் சொல்லுக்கு எடை அதிகம். தனியார் ஒருவர் அவதூறு செய்தால் அண்டைவீட்டார் மறுக்கலாம்; அரசு முத்திரை குத்திய அவதூறை மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டியவராகிறார்.

விருது பெற்ற படத்தை எதிர்ப்பது வடக்கின் மீதான கோபம் என்று குறுக்கிவிடக் கூடாது. மணிரத்னத்தின் ‘ரோஜா’ தமிழ்ப் படம். 1992ஆம் ஆண்டுக்கான தேசிய ஒருமைப்பாட்டு விருதைப் பெற்றது. கொடி எரியும்போது நாயகன் அதன்மேல் விழுந்து அணைக்க, முஸ்லிம் தீவிரவாதி தொழுதுகொண்டிருக்கும் காட்சியை நாம் கைதட்டிப் பார்த்தோம். எந்தத் தேசம், யாரை எதில் இணைக்கிறது என்ற கேள்வியை 1994இல் தேஜஸ்வினி நிரஞ்சனா ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுப்பினார். தமிழ்த் திரையுலகம் அதைக் காதில் வாங்கவில்லை. தொழுகையையும் துப்பாக்கியையும் ஒரே சட்டகத்தில் வைத்த படத்தை ஒருமைப்பாடு என்று அரசு சிறப்பித்தபோது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்தவற்றுக்கும் பாதை திறந்தது. ‘ரோஜா’வில் கலைநுட்பம் இருக்கிறது, மனம் மாறும் தீவிரவாதி லியாகத்தும் இருக்கிறான்; அதை ‘தி கேரளா ஸ்டோரி’யோடு சமமாக வைப்பது அநியாயம். ஆனாலும் விருதின் அளவுகோல் ஒன்றே. ஃபாத்திமா ரஷீதாகப் பிறந்த நர்கிஸ் தத்தின் பெயர் தாங்கிய அதே விருது 2023 ஆகஸ்டில் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ படத்துக்குப் போனது. அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அதை வெளிப்படையாகக் கண்டித்தது சரி. அந்தக் கண்டனத்துக்கு நம் படங்களையும் உட்படுத்தினால்தான் அதற்கு முழு மதிப்பு.

பாரபட்சம் எது என்று யார் தீர்மானிப்பது என்பது நியாயமான மறுப்பு. தீயவன் முஸ்லிமாக இருக்கவே கூடாதென்று யாரும் கேட்கவில்லை. ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ எடுத்துக்கொண்ட காஷ்மீரப் பண்டிதர்களின் 1990 துயரம் உண்மை. அது படமாக வேண்டியதே. தனி மனிதரின் குற்றத்தை ஒரு சமூகத்தின் இயல்பாகக் காட்டுவதும், ஆதாரமற்ற எண்ணை உண்மைக் கதை என்று விற்பதும் வேறு. இவற்றை அளக்க நுண்ணிய ரசனை தேவையில்லை, ஆவணம் போதும். நடுவர் குழுவின் சுயேச்சையைச் சொல்லியும் தப்ப முடியாது; விருது அரசின் பெயரால்தான் தரப்படுகிறது. உரிமை வேறு, விருது வேறு என்பதற்குத் தமிழிலேயே முன்னுதாரணம் உண்டு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இடஒதுக்கீட்டை விமர்சித்த படத்தின் வெளிப்பாட்டு உரிமையைக் காத்தது. அதே படத்துக்கு ஒன்றிய அரசு ஏற்கெனவே தேசிய விருதும் கொடுத்திருந்தது. உரிமையைக் காத்த தீர்ப்பு அந்த விருதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கிவிடவில்லை. ஆதிதிராவிட மக்கள் அந்த விருதை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே கோரிக்கை தெளிவானது. மூன்று மாற்றங்கள் வேண்டும்: தேசிய விருது நடுவர் குழு தன் காரணங்களை எழுத்தில் வெளியிட வேண்டும், முடிவோடு உடன்படாத நடுவரின் மறுப்புக் குறிப்பும் வெளிவர வேண்டும், அடிப்படைக் கூற்றுக்கு ஆதாரமில்லை என்று நீதிமன்றத்தின் முன் ஒப்புக்கொண்ட படம் விருதுக்கோ அரசு ஒளிபரப்புக்கோ வரிவிலக்குக்கோ தகுதிபெறக் கூடாது. இவை வரும்வரை நடுவராக அழைக்கப்படும் தமிழ்க் கலைஞர்கள், உடன்படாத முடிவில் கையெழுத்திடாமல், தங்கள் எதிர்ப்பைப் பெயரோடு பதிவுசெய்ய வேண்டும்.